ஒரு கை மண்ணும் ஓடாத வண்டியும்

சேர்ந்தகுளம் கடைத்தெருவில் ஞானதிரவியம் அண்ணாச்சி நடத்துகிற உழவு வண்டிக் கடையில், வண்டிகள் மண்ணை மோந்து பார்த்துத் தமக்கான ஆளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது ஒரு கார்த்திகை மாதத்தில்தான் என்று சிலரும், இல்லை, அதற்கு முந்திய பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் என்று சிலரும் இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எப்போது என்பதில்தான் சண்டையே தவிர, ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

உழவு வண்டி என்றால் பெரிய டிராக்டர் இல்லை. மாடுகளெல்லாம் விலைபோன பிறகு, டிராக்டர் நுழைய வழியில்லாத துண்டுப் புன்செய்க் காடுகளுக்கென்று வந்திறங்கியவை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிற மினி டில்லர்கள். இந்த மோப்பம் தொடங்குமுன்பெல்லாம் வாங்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்கிற மாதிரி, எத்தனை எச்.பி என்று மட்டும்தான் கேட்பார்கள். உங்க மண்ணு எப்பிடி, வரப்பு எம்புட்டு அகலம், கல்லுண்டா என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டால், விற்க மனமில்லாத ஆள் போல என்று முறைப்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட ஒருவர், ரோஷத்தில், மறுநாளே துண்டில் முடிந்து கொண்டுவந்த பிடி மண்ணை வண்டி வரிசைக்கு முன்னால் பிரித்துக் காட்டினார். கயிற்றை யாரும் இழுக்கவில்லை, டாங்கில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது, ஆனாலும் மூன்றாவதாக நின்ற சிவப்பு வண்டி ஒரு தடவை இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, படபடவென்று ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சரி, பொருத்தம் ஆயிட்டு. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அதிலிருந்து வாங்க வருகிறவர்கள் மண்ணோடு வந்தார்கள். முதலில் துண்டில் முடிந்து வந்தார்கள், அப்புறம் வாளியில் கொண்டுவந்தார்கள், அப்புறம், நல்ல காரியத்துக்கு வாளியா என்று பெண்கள் முகம் சுளித்ததால், பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் மண்ணைக் குவித்து, கண்படாமல் இருக்கப் புதுத்துண்டு போட்டு மூடி, சொந்தபந்தத்தோடு வந்தார்கள். மண்ணை, காட்டின் தென்மேற்கான கன்னிமூலையில்தான் எடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கடை ஜோதிடர் விதி செய்தார். ஜாதகம் பார்க்க வரும் கூட்டம் குறைந்துபோய் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், மண்ணெடுக்க நேரம் குறித்துக் கொடுத்துப் பழையபடி செழிப்பானார். வண்டி ஓடினால் எதிர்த்த டீக்கடையில் எல்லாருக்கும் கேசரி, ஓடாவிட்டால் வெறும் டீ என்று வழக்கமாயிற்று. வேளாண்மை அலுவலர் ஒருவர் மண் பரிசோதனை அட்டையோடு வந்து பார்த்தார். வண்டிகள் அட்டையைச் சட்டை செய்யவில்லை, அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணுக்கு ஒரு சின்ன வண்டி லேசாக உறுமியது, அவரும் வெட்கத்தோடு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நல்லது வந்தால் கூடவே பொல்லாததும் வரும். கல்யாணம் பேசப் போகிற இடத்தில், உங்க மண்ணுக்கு எந்த வண்டி ஓடிச்சு, முதல் பார்வையிலேயே ஓடிச்சா, ரெண்டு சுத்துச் சுத்தி ஓடிச்சா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். தெருச்சண்டையில், "ஒம் மண்ண ஒரு வண்டியும் மோந்து பாக்காதுல" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச்சுக் கிடையாது, கைதான். வெறும் டீ குடித்துவிட்டுத் திரும்பிய ஒருவர், காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு ஆடு வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் ஆலடிவிளை ஆவுடைத்தங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஆவுடைக்கும் அவள் தங்கை சண்முகவடிவுக்கும் அம்மா வழியில் வந்த காடு ஒரே துண்டாகத்தான் கிடந்தது. அதில் பாதி கரிசல், கிணற்றோடு சேர்ந்தது. மறுபாதி கல் மண்டிய சரள், வெட்டினால் மண்வெட்டிதான் அழும். ஆளுக்குப் பாதி என்று பிரிக்கிற அன்று, ஊர் வழக்கப்படி சாஸ்தா கோயிலில் வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். ஆவுடை கைக்கு வந்தது வெள்ளைப்பூ, அதாவது சரள். பொட்டலத்தைப் பிரித்த அந்த நிமிஷத்தில் வடிவு கெக்கெக்கென்று சிரித்துவிட்டாள். வடிவு பயம் வந்தால் சிரிக்கிறவள்; சின்ன வயசில் கிணற்றுப்படியில் பாம்பைப் பார்த்துவிட்டும் இதே சிரிப்பைத்தான் சிரித்தாள், ஆவுடைதான் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். ஆனால் கோயிலில் வைத்து அதெல்லாம் ஆவுடைக்கு நினைவு வரவில்லை. கல்லு எனக்கு, சிரிப்பு உனக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள்தான், அதன்பிறகு தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லை என்றால் முழுக்கப் பேசாமலும் இல்லை. ஒரே வரப்பில் நிற்கிறவர்கள் எப்படிப் பேசாமல் இருப்பது? வடிவு தன் வெள்ளாடு கருப்பியைப் பார்த்துப் பேசுவாள், ஆவுடை தன் கடப்பாரையைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். "ஏ கருப்பி, சிலபேர் தண்ணிக் கொடத்த மறந்து வச்சிட்டுப் போயிருக்காவட்டி" என்று வடிவு சொன்னால், "மறக்கல, எடுக்க வந்துட்டுதான் இருக்கோம், என்ன?" என்று கடப்பாரைக்குச் சேதி போகும். ஊரில் இதற்குச் சாடை பேச்சு என்று பேர். இந்த அக்கா தங்கை மாதிரிச் சாடை பேசி வாழ்ந்தவர்கள் அந்தச் சுற்றுவட்டத்திலேயே கிடையாது.

அந்த வருஷம் ஊரின் கடைசி ஜோடி மாடும் விலைபோனது. புரட்டாசி முடியப் போகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் காட்டை உழுது சின்ன வெங்காயம் ஊன்றியாக வேண்டும். விதை வெங்காயம் வாங்கி வீட்டு மூலையில் பரப்பியாகிவிட்டது, அதுவோ காத்திருக்கப் பொறுமையில்லாமல் பச்சையாக மூக்கை நீட்டத் தொடங்கியிருந்தது. அது முளைத்து வீணாய்ப் போனால் அந்த வருஷத்து வெள்ளாமை போச்சு. வண்டி வாங்கித்தான் தீரவேண்டும் என்றான் ஆவுடையின் புருஷன் குத்தாலிங்கம்.

மண்ணெடுக்கக் குறித்த வேளையில் தாம்பாளத்தோடு கன்னிமூலைக்குப் போன ஆவுடை, தன் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். ஒரு கை மண்ணில் முக்கால் கை கல். இதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்து, எல்லா வண்டிக்கும் முன்னால் நீட்டி, ஒன்றுகூட இருமாமல், சொந்தபந்தமெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு டீக்குடிக்கப் போகிற காட்சி அவள் கண்ணுக்கு முன்னால் ஓடியது. கன்னிமூலை வரப்புக்கு அந்தப் பக்கம் வடிவின் கரிசல், பொதபொதவென்று கிடந்தது. வடிவு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஆவுடை தன் கல்லைக் கீழே கொட்டிவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஒரு கை அள்ளிக்கொண்டாள். பார்த்தது கருப்பி மட்டும்தான். "எல்லாம் ஒரே தாய் காடுதானட்டி, பேசாமக் கெட" என்று ஆட்டுக்குச் சொல்லிவிட்டுத் துண்டைப் போட்டு மூடினாள்.

கடையில் துண்டை விலக்கியதும், அண்ணாச்சி தாம்பாளத்தைத் தூக்கிக்காட்டும் முன்பே, முன்வரிசையில் நின்ற நீல வண்டி, முன்பக்கம் கத்தி வைத்த லேசான பெட்ரோல் வண்டி, துள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். குத்தாலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டான். "சரள்னு சொன்னீங்க, நல்ல கருமண்ணால்லா இருக்கு" என்று அண்ணாச்சி மட்டும் நெற்றியைச் சுருக்கினார், ஆனால் பொருத்தம் ஆன வண்டிக்குக் குறுக்கே பேசுவது வழக்கமில்லை. ஆவுடை தன் கேசரியைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கத்திக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஊரே கூடிநிற்க, குத்தாலிங்கம் சரள்காட்டில் கயிற்றை இழுத்தான். வண்டி மூச்சுவிடவில்லை. மறுபடி இழுத்தான், மறுபடி, உள்ளங்கைத் தோல் உரியும்வரை.

"சுச்சு போட்டீரா?" என்றார் ஒருவர். போட்டிருந்தது. "பெட்ரோல் தொறந்திருக்கா?" திறந்திருந்தது. சோக்கை இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். ஆயில் அளவு பார்த்தார்கள். பெட்ரோல் பழசாக இருக்கும் என்று வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார்கள். அப்புறம் பிளக்கு சங்கரன் வந்தான். உலகத்தில் ஓடாத எதற்கும் பிளக்குதான் காரணம் என்று நம்புகிறவன், ஒருதரம் மச்சினனுக்குச் சோறு இறங்கவில்லை என்றதற்கும் பிளக்கைப் பார் என்றவன். அவன் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, எஞ்சின் மேல் சாய்த்துவைத்துக் கயிற்றை இழுத்துக் காட்டச் சொன்னான். நீலப்பொறி டப்பென்று பாய்ந்தது. வெட்கப்பட்டுப்போய் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான், கார்புரேட்டரைப் பிரித்துக் கிண்ணத்தைத் துடைத்து, ஜெட்டுக்குள் செம்புக்கம்பி இழை விட்டு ஊதினான், பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான், எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. எல்லாம் இருக்கு, மனசுதான் இல்ல" என்றான்.

சரி, கழுவியாவது பார்ப்போம் என்று கிணற்றுப் பக்கமாக உருட்டிக்கொண்டு போனார்கள். கன்னிமூலை வரப்பை நெருங்கியதுதான் தாமதம், வண்டி இருமியது, தொண்டையைச் சரிசெய்துகொண்டது, மாலையும் சந்தனமுமாக ஓட ஆரம்பித்து, பிடித்திருந்த ஆவுடையையும் இழுத்துக்கொண்டு வரப்பேறி வடிவின் கரிசலில் இறங்கியது. இறங்கி, பழகின மாடு மாதிரி ஒரு ஓரமாகத் தொடங்கி, நூல் பிடித்தாற்போல் உழுதுகொண்டே போனது. ஆவுடை கிளட்சை விட்டுப் பார்த்தாள், சுவிட்சை அணைத்துப் பார்த்தாள், கடைசியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. தங்கச்சி காட்டுக்கு அக்கா உழவு ஓட்டுகிற காட்சியை ஊர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. வடிவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏ கருப்பி, வராதவுக வந்திருக்காவ, ஒரு செம்புத் தண்ணி குடுக்கணும்லா. கூட கொஞ்சம் ஆழமா ஓட்டச் சொல்லட்டி" என்றாள்.

கடப்பாரை கைவசம் இல்லாததால் ஆவுடையால் பதில் சொல்ல முடியவில்லை. முழுக் கரிசலையும் உழுது முடித்த வண்டி, வரப்பைத் தாண்டிச் சரளில் கால் வைத்ததும், பட்டென்று அணைந்தது.

தினமும் இதே கதையானது. ஊர் இதற்காக ஆச்சரியப்படவில்லை. யாருக்குத்தான் ஆசை இருக்காது, வண்டிக்கு வடிவு காட்டின்மேல் ஆசை, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டது. கட்டிக்கொடுத்த பெண் நாலுநாளைக்கொருதரம் பெற்றவீட்டுக்கு ஓடிவந்தால் என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் வண்டிக்கும் செய்தார்கள். சரள்காட்டில் வைத்து ஒரு நாள் கறிவிருந்து போட்டார்கள். வழி மறந்துபோகட்டும் என்று பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தார்கள். வாசம் பிடிக்காமல் இருக்க ஏர் ஃபில்டரை ஈரச்சாக்கால் கட்டினார்கள், அதில் வண்டிக்கு மூச்சுமுட்டி வடிவு காட்டிலும் ஓடாமல் போனது, பாவம் என்று அவிழ்த்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் இடதுபக்கமாக நசுங்கியதுதான் கோளாறு என்று ஒரு கட்சி, கண்திருஷ்டி என்று ஒரு கட்சி. "அண்ணாச்சி கடையில பொருத்தம் தப்பாச் சொல்லாதுவே, இதுல வேற என்னமோ இருக்கு" என்று மூன்றாவது கட்சி பேசும்போதெல்லாம், ஆவுடை அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

வீட்டு மூலையில் வெங்காயம் விரல்நீளத்துக்கு முளைத்துவிட்டது. மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. குத்தாலிங்கம் சோறு தின்னாமல் உட்கார்ந்து வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எம்மேல எதுவும் தப்பிருக்கா, ஆவுட?" என்று அவன் கேட்டான். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், தங்கச்சி காட்டு மண்ணைத் திருடி, கடைத்தெருவையும் வண்டியையும் ஏமாற்றியவள் என்று பேர் வரும், அதோடு தன் மண்ணையும் எடுத்துக்காட்டியாக வேண்டும். பேர் கெடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். மண்ணைக் காட்டுவதை நினைத்தால்தான் உடம்பு கூசியது.

ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. மறுநாள் மத்தியானம், வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு கை கரிசல் எடுத்து, துணியில் முடிந்து, வண்டியின் டாங்குக்கு முன்னால் மூக்குக்கு நேரே கட்டித் தொங்கவிட்டாள். கயிற்றை இழுத்ததும் வண்டி சரளிலேயே ஓடியது. ஆவுடைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கத்தி கல்லில் பட்டதும் தவளை மாதிரி ஒரு குதி குதித்தது, இன்னொரு கல்லில் இன்னொரு குதி, பெல்ட் கிறீச்சென்று அலறியது, ஒரு கத்தி வளைந்தது, மோந்தது ஒன்று மிதிப்பது ஒன்று என்று தெரிந்துகொண்ட வண்டி, கோபத்தில் தலையை உலுக்கி, முடிச்சைத் தூக்கி வரப்பில் எறிந்துவிட்டு நின்றது. முடிச்சு அவிழ்ந்து மண் சிதறியது.

வடிவு வந்து குனிந்து அதை எடுத்து, உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தாள். தன் மண் யாருக்குத்தான் தெரியாது?

"இது எங்க காட்டு மண்ணுல்லா?" கருப்பியைப் பார்த்துக் கேட்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

ஆவுடை சுற்றிலும் பார்த்தாள். கடப்பாரை தூரத்தில் கிடந்தது. "ஆமா" என்றாள்.

"கடைக்குக் கொண்டுபோனதும் இதுதானா?"

"ஆமாட்டி, ஆமா. எங்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றவளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பூராவும் கல்லு. இத எப்பிடித் தாம்பாளத்துல வச்சுத் தூக்கிட்டுப் போவேன்? ஒரு வண்டியும் திரும்பிப் பாக்காது. ஊரே பாத்துட்டு நிக்க வெறும் டீயக் குடிச்சிட்டு வரச் சொல்லுதியா? நீ அன்னைக்குச் சிரிச்ச, இனி ஊரும் சிரிக்கணுமாக்கும்."

வடிவு அழுதுவிடுவாள் போல நின்றாள். "ஒனக்குக் கல்லுன்னு தெரிஞ்சதும், இனிமே எங்கூடப் பேசமாட்டியோன்னு பயந்துதான் சிரிச்சேன். நெனச்ச மாதிரியே பேசாமப் போய்ட்ட." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "ஒங் காட்டு மண்ண யாரு கொறையாச் சொன்னா? எங் கரிசல்ல வெளைஞ்ச வெங்காயம் ரெண்டு மாசத்துல அழுவிப்போவுது. ஒங் காட்டு வெங்காயம் அப்பிடியே கெடக்கு. வருசா வருசம் சந்தைக்கு ஆள்விட்டு, ஒன் மூட்டையாப் பாத்துத்தான் வாங்குதேன். எங்க வீட்டுக் கொழம்பு பூராவும் நீ போட்ட வெங்காயந்தான், தெரியுமா ஒனக்கு?"

ஆவுடைக்குத் தெரியாது. தன் கல்லில் விளைந்ததைத் தங்கை இத்தனை வருஷமும் தேடித்தேடித் தின்றிருக்கிறாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆட்டிடம் சாடையாகக்கூட.

"நாளைக்கு நானும் வாரேன். தாம்பாளத்த நான் புடிச்சுக்கிடுதேன், நீ மண்ண மட்டும் அள்ளு" என்றாள் வடிவு.

மறுநாள் சேர்ந்தகுளம் கடைத்தெருவில் நடந்ததைப் பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். முன்னால் ஆவுடை, பக்கத்தில் தாம்பாளத்தோடு வடிவு, பின்னால் குத்தாலிங்கம் நீல வண்டியை உருட்டிக்கொண்டு. அவனிடம் காலையில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், கேட்டவன் ஒரு தட்டுச் சோறு தின்றான். தாம்பாளத்தின் மேல் துண்டு இல்லை. வெயிலில் கல்லெல்லாம் பளபளத்தது, பூக்கடைக்காரி எட்டிப் பார்த்து, "என்ன தாயி, ஜல்லியா?" என்றாள். "எங் காட்டு மண்ணு" என்றாள் ஆவுடை.

கடைவாசலில் நின்று, "அண்ணாச்சி, அன்னைக்குக் கொண்டாந்தது எம்மண்ணு இல்ல. இவ மண்ணு. வண்டி மேல தப்பில்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். ஜோதிடர் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி, "அது அன்னைக்கே பாத்தேம்மா. சரி, காட்டுங்க" என்றார்.

முன்வரிசை வண்டிகளுக்குக் காட்டினார்கள். மூச்சில்லை. இரண்டாம் வரிசைக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய மஞ்சள் வண்டி, எச்.பிக்குப் பேர்போனது, இருமுகிற மாதிரி இருந்தது, பிறகு இல்லை. கடைசி வண்டியையும் தாண்டியாகிவிட்டது. கூட்டம் மெல்லத் தரையைப் பார்க்கத் தொடங்கியது. எதிர்த்த கடையில் டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, அந்த அமைதியில், தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற வடிவு, கெக்கெக்கென்று சிரித்துவிட்டாள்.

எல்லாரும் திடுக்கிட்டார்கள். அதே சிரிப்பு, கோயிலில் கேட்டது. ஆவுடை திரும்பினாள். தங்கை பிடித்திருந்த தாம்பாளத்தில் கல்லெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கிணற்றுப்படியும் பாம்பும் ஈரக்கையும் அவளுக்கு ஒருசேர ஞாபகம் வந்தன. தாம்பாளத்தை ஒரு பக்கம் தானும் பிடித்து, மறுகையால் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதட்டி. ஓடாட்டா ஓடாமப் போவட்டும். நான் இருக்கேம்லா" என்றாள்.

வடிவு சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆவுடைக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டுபேரும் சிரித்துக்கொண்டிருந்ததில், மூன்றாவதாக ஒரு சத்தம் சேர்ந்துகொண்டதைக் கொஞ்சநேரம் யாரும் கவனிக்கவில்லை. கடையின் கொல்லைப்புறத்தில், அண்ணாச்சியின் ஈரவேட்டி காய்ந்துகொண்டிருந்த, சாப்பாட்டுத்தூக்கு வைக்கிற மேசையாக எத்தனையோ வருஷம் இருந்த ஒரு வண்டி. கத்தி பின்பக்கம் வைத்த, இரும்பாலேயே வார்த்த, ஹேண்டில் போட்டுச் சுற்றினாலொழிய அசையாத பழைய டீசல் வண்டி. கனத்துக்குப் பயந்து யாரும் கேட்காததால் 'எருமை' என்று பேர் வாங்கியது. அது துருவை உதிர்த்துக்கொண்டு, தொண்டையில் இருந்ததையெல்லாம் காறித் துப்பி, தடதடவென்று கடையே அதிர ஓடியது. தூக்கு கவிழ்ந்து ரசம் கொட்டியது. வேட்டி கரியாகியது.

"சரளுக்குக் கனம் வேணும், கத்தி பின்னால இருக்கணும், நெதானமாச் சுத்தணும்னு நானும் வருசக்கணக்காச் சொல்லுதேன், எவன் கேக்கான்" என்று அண்ணாச்சி வேட்டியைப் பார்த்தபடி சொன்னார். அப்புறம் அதன் டாங்கைத் தட்டிக்கொடுத்து, "ஒன்னையும் ஒருத்தி கேட்டு வந்துட்டால்லா" என்றார் வண்டியிடம். டீக்கடைக்காரர் அதற்குள் கேசரிக்கு ரவையை வறுக்கத் தொடங்கியிருந்தார்.

நீல வண்டி வடிவு வீட்டுக்குப் போனது; அதன் விருப்பமும் அதுதானே. எருமை ஆலடிவிளைச் சரளில் இறங்கியபோது கல்லெல்லாம் வழிவிட்டன என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், வழிவிடவில்லை, அதுதான் ஒவ்வொரு கல்லாக மென்று புரட்டிக்கொண்டு போனது. பின்னாலேயே அக்காவும் தங்கையும் முளைத்த வெங்காயத்தை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். கருப்பி வரப்பில் நின்று, தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்தது. கடைசி வரி முடியவும் மழை பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து சேர்ந்தகுளத்தில் யாரும் தாம்பாளத்தைத் துண்டு போட்டு மூடுவதில்லை. மண் காட்ட வருகிறவர்கள், தங்கச்சி முறையில் ஒருத்தியைக் கூட்டிவருவது வழக்கமாகிவிட்டது; வண்டிகள் எல்லாம் மௌனமாக நின்றால், அவள் சிரிக்க வேண்டும். இது எப்படி வந்தது, எதற்காக என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதில்லை, ஜோதிடர் அதற்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறார். தங்கச்சி இல்லாதவர்களுக்கு வடிவு போகிறாள். இன்னொருத்தர் மண்ணுக்காக முன்னால் நிற்பதில் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே பயம் வரும், அதனால் சிரிப்பும் நிஜமாகவே வரும். அவள் போகிற இடத்துக்கெல்லாம் ஆவுடையும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போகிறாள், கையைப் பிடித்துக்கொள்ள.